பறக்கும் தொல்பொருள்கள்: பழைய போர் விமானங்களை வானேற்றுதலின் பேறும் இடரும்

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அயலிலே குதிரைப் பந்தயத் திடல் என வழங்கும் வெளி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு விமானத்தளமாக விளங்கிற்று. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள், யப்பானியக் கடற்படையின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே காலைப் பொழுதில், பிரித்தானிய அரச விமானப்படையின் 11ஆம் அணியைச் சேர்ந்த பிளெனிம் ரகக் குண்டுவீச்சு விமானங்கள் இத்திடலிலிருந்து எழுந்து அக்கப்பற்படையைத் தேடிச் சென்றன. இலக்கை அடைந்து தாக்கியவை 9. அவை வீசிய குண்டுகள் தலைமைக் கப்பலாகிய அக்காகியின் அருகே கடலில் வீழ்ந்தனவேயன்றி எக்கப்பலையும் தீண்டவில்லை. அவ்வொன்பதனுள் பாதிக்கு மேற்பட்டவை தளம் மீளவில்லை. விமானம் ஒன்றுக்கு மூவர் சென்றிருந்தனர்.

அன்று ஆயிரக்கணக்கிற் கட்டப்பட்ட பிளெனிம்களுள், 2014ஆம் ஆண்டில் மீண்டும் வானேறிய ஒன்றைத் தவிரப் பறக்கும் நிலையில் வேறொன்றில்லை. அதனைக் காண்பதற்கு இங்கிலாந்திலுள்ள டக்ஸ்போர்ட் தளத்துக்குச் செல்லவேண்டும். அவ்வொன்றையும் வானில் ஏற்றுவது தகுமா? கண்ணாடிப் பெட்டியுள் வைத்துக் காக்கவேண்டிய பொருளை ஆயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுசெல்வது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டா, வரலாற்றோடு ஆடும் சூதாட்டமா? இவ்வினா பொறியியலாளர்க்கும் விமானிகட்கும் மட்டும் உரியதன்று. சான்று என்பது யாது, அதனை எவ்வாறு பேணுவது என ஆராயும் வரலாற்று மாணவர்க்கும் உரியது. கடந்த சில பத்தாண்டுகளின் நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிளெனிமின் மறுபிறப்புகள்

பிரித்தானியாவில் வடிவமைக்கப்பட்ட பிளெனிம், கனடாவில் பொலிங்புரோக் என்னும் பெயரிற் கட்டப்பட்டது. போர் முடிந்தபின் பிரித்தானியாவிலிருந்தவை உடைத்து உருக்கப்பட்டன. கனடாவிலோ இவற்றின் உடல்கள் பல கமக்காரரின் நிலங்களிலே பழைய உலோகமாகக் கிடந்தன. அவற்றைக் கொண்டே டக்ஸ்போர்ட்டில் ஒரு சிறு குழுவினர் 1970களில் வேலை தொடங்கினர். ஏறக்குறைய 12 ஆண்டுகள் உழைத்து 1987 மே மாதத்தில் தம் விமானத்தைப் பறக்கவிட்டனர். அடுத்த மாதம் 21ஆம் நாள், லண்டனுக்கு அண்மையிலுள்ள டென்ஹாமில் நடந்த காட்சியொன்றில், அது ஓடுபாதையைத் தொட்டு மீண்டும் எழ முற்பட்டவேளை வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்தோர் உயிர் தப்பினர். பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் விளைவு ஒரு மாதமே வானில் நிலைத்தது.

அக்குழுவினர் மற்றொரு கனேடிய உடலைத் தேடிப்பெற்று மீண்டும் தொடங்கினர். 1993 மே மாதத்தில் அது பறந்தது. 2003இல் டக்ஸ்போர்ட்டில் தரையிறங்குகையிற் சேதமுற்றது. மேலும் 11 ஆண்டுகள் சென்றபின், 2014 நவம்பரில், மீளவும் வானேறியது. இம்முறை அதற்கு முதல் ரகப் பிளெனிமின் குறுகிய மூக்குப் பகுதி பொருத்தப்பட்டிருந்தது. அம்மூக்கின் கதை வியப்புக்குரியது. முன்னர் ஒருவர் அதனை மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டியாக மாற்றிச் சாலையில் ஓட்டித் திரிந்தமையாலேயே அது உருக்குலைக்குத் தப்பிற்று.

எனவே இன்று பிளெனிம் என்று காட்டப்படுவது கனடாவிற் கட்டிய உடலும், பிரித்தானியாவிற் கட்டிய மூக்கும், பட்டறையிற் புதிதாகச் செய்த பல நூறு உறுப்புகளும் ஒன்றாய்ச் சேர்ந்த ஓர் உருவாகும். கொழும்பிலிருந்து சென்ற விமானங்களோடு அதற்கு நேரடி உறவு எதுவுமில்லை. ஆயினும், அவ்விளைஞர்கள் எத்தகைய பொறியினுள் அமர்ந்து வங்கக் கடலின்மேற் சென்றனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு, இயங்கும் சான்றாக எஞ்சியிருப்பது அதுவே. இப்பொருளின் பேறும் இடரும் இம்முரண்பாட்டிலேயே தொடங்குகின்றன.

2. பறத்தலாற் பெறும் பேறு

இயங்கும் பொருளுக்கும் இயங்காப் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை நம்மவர்க்கு விளக்கத் தேரைக் காட்டலாம். தேர்முட்டியில் நிற்கும் தேரின் சிற்பங்களைக் கண்டு மகிழலாம். ஆனால் அச்சின் பொறுப்பும், வடம் பிடிப்போரின் ஒழுங்கும், முட்டுக்கட்டை போடுவோனின் நுட்பமும் அது வீதியில் ஓடும்போதே புலப்படும். ஆண்டுதோறும் ஓடும் தேருக்குத் தச்சனும் கொல்லனும் வேண்டும். ஓடாத தேருக்கு அவர்கள் வேண்டியதில்லை. தேர் நின்றுவிடின் தொழிலும் மறைந்துபோகும்.

விமானத்திற்கும் இது பொருந்தும். மொஸ்கிற்றோ என்னும் பிரித்தானிய விமானம் பெரும்பாலும் மரத்தாலானது. பேர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கிடையே மென்மையான போல்சா மரத்தை வைத்துப் பசையிட்டு, அச்சுக்களின்மேல் வளைத்து, உடலை இரு பாதிகளாகச் செய்து பின்னர் இணைத்தனர். போரின் பின் அவ்வச்சுக்கள் மறைந்தன. 1996 யூலை 21ஆம் நாள், பிரித்தானியாவிற் பறந்துகொண்டிருந்த கடைசி மொஸ்கிற்றோ மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள பார்ட்டனில் வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் இறந்தனர். அந்த ரகம் இனி வானில் எழாதென்றே பலர் எண்ணினர். எனினும், நியூசிலாந்தில் ஆர்வலர் ஒருவர் பல ஆண்டுகள் முயன்று அச்சுக்களைப் புதிதாகச் செய்தார். அவற்றின் துணைகொண்டு, கனடாவிற் சிதைந்து கிடந்த ஒரு மொஸ்கிற்றோ மீளக் கட்டப்பட்டு, 2012 செப்ரெம்பரில் ஓக்லாந்தை அடுத்துள்ள ஆர்ட்மோர் தளத்திலிருந்து பறந்தது.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. அம்மொஸ்கிற்றோவை நூதனசாலையில் நிறுத்துவதே நோக்கமாயிருந்திருப்பின், சிதைந்த பகுதிகளை எம்மரத்தாலும் எப்பசையாலும் ஒட்டி வண்ணம் பூசி முடித்திருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரிந்திராது. பறக்கவேண்டும் என்ற நோக்கமே மரத்தின் ஈரத்தையும் பசையின் வலுவையும் இணைப்பின் நுட்பத்தையும் பிழையறக் கற்கச் செய்தது. வரைபடங்களிலும் எழுதப்படாத கைப்பழக்கங்கள் மீண்டும் கண்டறியப்பட்டமை இவ்வழியிலேயாகும். பறத்தல் இத்தொழிலுக்கு ஒரு பரீட்சகனாக நிற்கின்றது.

இரண்டாவது பேறு நினைவு பற்றியது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் 55,573 பேர் உயிரிழந்தனர். அப்படைப்பிரிவின் சின்னமாகக் கருதப்படும் லங்காஸ்ரர் விமானங்கள் 7,377 கட்டப்பட்டன. பறக்கும் நிலையில் எஞ்சியவை இரண்டு. ஒன்று பிரித்தானிய விமானப்படையின் நினைவு அணியிடமும், மற்றொன்று கனடாவின் ஹமில்ற்றன் நகர் நூதனசாலையிடமும் உள்ளன. 2014இல் கனேடிய விமானம் அத்திலாந்திக்கைக் கடந்து வர, இரண்டும் பிரித்தானிய வானில் ஒருங்கே பறந்தன. முதுமையடைந்த போர்வீரர் பலர் அதனைக் கண்டனர். எட்டு இயந்திரங்களின் ஒருமித்த முழக்கத்தை எந்த நூலும் அவர்க்கு மீட்டுக் கொடுத்திராது. அதே முழக்கம் ஹம்பேர்க் நகரத்தவர்க்கு வேறொன்றை நினைவூட்டும் என்பதையும் வரலாற்று மாணவன் மறத்தலாகாது. 1943இல் அந்நகரிற் பல்லாயிரவர் மாண்டது இவ்விமானங்களும் பங்குகொண்ட தாக்குதல்களிலேயாகும்.

3. பொருளுக்கு நேரும் இடர்

மறுபக்கத்தை நோக்குவோம். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியமையாலேயே நம் இலக்கியங்கள் எஞ்சின. ஏடு அழியினும் பாடம் நின்றது. ஆனால் பழம்போர்விமானத்தின் நிலை இதனின் வேறுபட்டது. இங்கு ஏடும் பாடமும் ஒன்றே. உலோகத்தின் கலவையும், அதன்மேலுள்ள வண்ணப் படைகளும், தொழிலாளி இட்ட அடையாளங்களும், குண்டு துளைத்த வடுவும் ஆகிய யாவும் சான்றுகள். பறப்பதற்காக ஓர் உறுப்பை மாற்றுந்தோறும் சான்றின் ஒரு பகுதி நீங்குகின்றது. விபத்து நேரின் முழுதும் நீங்குகின்றது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, "கறுப்பு ஆறு" எனப்படும் ஜேர்மனிய மெசர்ஸ்மிற் 109 ரகச் சண்டை விமானமாகும். 1942 நவம்பரில் லிபியாவிற் கைப்பற்றப்பட்ட இவ்விமானம், உண்மையாகவே போரில் ஈடுபட்டது. இந்த ரகத்தில் 33,000க்கு மேற்பட்டவை கட்டப்பட்ட போதிலும், இதுபோன்று மூல உடலும் மூல இயந்திர வகையும் கொண்டு எஞ்சியவை மிகச் சில. பிரித்தானிய விமானப்படையைச் சேர்ந்த தொண்டர்கள் 1972 முதல் இதனைச் சீர்செய்து, 1991 மார்ச் மாதத்தில் வானேற்றினர். அரசின் உடைமையாதலால், குறித்த காலம்வரையே பறக்க அனுமதி வழங்கப்பட்டது. பின்னர் நூதனசாலையில் நிறுத்துவதென்பது ஏற்பாடு. 1997 ஒக்ரோபர் 12ஆம் நாள் அதன் கடைசிப் பறப்பென விதிக்கப்பட்டிருந்தது. அன்று டக்ஸ்போர்ட்டில் இயந்திரக் கோளாறு தோன்ற, விமானம் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த வயலில் இறங்கித் தலைகீழாய்க் கவிழ்ந்தது. விமானி உயிர் தப்பினார். விமானம் மீண்டும் செப்பனிடப்பட்டு, பறவாப் பொருளாக ஹென்டன் நூதனசாலையை அடைந்தது. ஏறக்குறைய 19 ஆண்டு உழைப்பும் 6 ஆண்டுப் பறப்பும் கடைசி நாளின் கடைசி மணித்துளிகளிற் பெருஞ்சேதத்துக்குள்ளாயின.

இதனினும் இழப்பு மிக்கது அமெரிக்காவின் நோத்ரொப் என்9எம்பி விமானத்தின் கதை. வாலும் நீண்ட உடலுமின்றிச் சிறகு மட்டுமே கொண்டதாய், எதிர்காலப் பெருங்குண்டுவீச்சு விமானமொன்றின் சிறுமாதிரியாக, போர்க்காலத்தில் நான்கு விமானங்களே கட்டப்பட்டன. எஞ்சியது ஒன்று. கலிபோர்னியாவிலுள்ள சீனோ நகர் நூதனசாலையினர் பத்தாண்டுக்கு மேல் உழைத்து 1993இல் அதனைப் பறக்கச் செய்தனர். 2019 ஏப்பிரல் 22ஆம் நாள் அது நோர்க்கோ என்னுமிடத்தில் வீழ்ந்து அழிந்தது. விமானியும் மாண்டார். மொஸ்கிற்றோ ஒன்று வீழ்ந்தால் வேறிடத்தில் ஓர் உடலாவது கிடந்தது. இங்கோ அந்த ரகமே உலகினின்றும் நீங்கிற்று.

4. விபத்துகள் நேர்வதேன்?

பழைய பொறி ஆதலால் வீழ்ந்தது என்று கூறுவது எளிது. அது முழு விடையாகாது. உலோகம் களைப்புறுகிறது என்பது உண்மை. மீண்டும் மீண்டும் வளையும் உறுப்பில் நுண்ணிய வெடிப்புத் தோன்றி வளர்ந்து, ஒருநாள் முறிவு நேரும். இதனைத் தடுக்கவே லங்காஸ்ரர் போன்றவற்றின் பறப்பு நேரம் மட்டுப்படுத்தப்படுவதும், சிறகைத் தாங்கும் முதன்மைச் சட்டம் மாற்றப்படுவதும் வழக்கமாயின. உதிரிப்பாகங்கள் கடைகளிற் கிடைப்பனவல்ல. ஆதலால் ஒன்றொன்றாகச் செய்தே பொருத்தவேண்டும்.

விமானியின் நிலையும் எண்ணத்தக்கது. போர்க்காலத்தில் ஒரு விமானி நாள்தோறும் ஒரே ரகத்திற் பறந்தான். இன்றைய விமானி ஆண்டுக்குச் சில மணிநேரமே அதிற் பறக்கிறார். அடுத்த கிழமை வேறொரு ரகத்தில் ஏறவேண்டியும் வரலாம். பல சண்டை விமானங்களில் ஓரிருக்கையே உண்டாதலால் ஆசிரியர் அருகிலமர்ந்து கற்பித்தல் இயலாது. அப்பழக்கத்தை நேரிற் கற்றுக்கொடுக்கக்கூடிய போர்க்காலத் தலைமுறையோ மறைந்துவிட்டது.

இவ்விரு குறைகளும் ஒன்றுகூடிய நிகழ்ச்சி 2019 ஒக்ரோபர் 2ஆம் நாள் அமெரிக்காவின் கொனெற்றிக்கற் மாநிலத்தில் நடந்தது. "நயன் ஓ நயன்" என்னும் பெயருடன் காட்சிக்குச் சென்றுவந்த பி-17 ரகக் குண்டுவீச்சு விமானம், பணியாளர் மூவரையும் பயணிகள் பத்துப்பேரையும் ஏற்றிக்கொண்டு பிராட்லி விமான நிலையத்திலிருந்து எழுந்தது. சிறிது நேரத்தில் வலப்பக்க இயந்திரமொன்று வலுவிழந்தது. விமானி அதனை நிறுத்திவிட்டுத் திரும்பினார். வேகம் குறைந்த விமானம் ஓடுபாதையை எட்டுமுன்னரே நிலத்தில் மோதித் தீப்பற்றிற்று. விமானிகள் இருவரும் பயணிகள் ஐவருமாக எழுவர் இறந்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, இயந்திரம் நின்றபின் விமானத்தின் நிலையையும் வேகத்தையும் விமானி உரியவாறு கையாளாமையே காரணம் என முடிவுசெய்தது. எரிபற்றும் கருவிகளிற் காணப்பட்ட குறைகள் முறையான பராமரிப்பின்மையைக் காட்டின. பராமரிப்புக்குப் பொறுப்பாயிருந்தவரும் அதே விமானியே. விமானத்தின் வயதன்று, ஒருவரின் வேலையை மற்றொருவர் சோதிக்கும் ஒழுங்கு இல்லாமையே இங்கு பெருங்குறையாகும்.

5. உடன்பட்டோரும் உடன்படாதோரும்

இடர் யாவர்க்கும் ஒரு தன்மைத்தன்று. விமானி தான் ஏறும் பொறியின் இயல்பை அறிந்தே ஏறுகிறார். 2024 மே 25ஆம் நாள் பிரித்தானிய நினைவு அணியின் ஸ்பிற்பயர் விமானமொன்று கொனிங்ஸ்பி தளத்துக்கு அருகில் வீழ்ந்து, அதன் விமானி ஸ்குவாட்ரன் லீடர் மார்க் லோங் உயிரிழந்தார். அத்துயரம் பெரிது. எனினும், அவர் மேற்கொண்ட பணி அவர் அறிந்து ஏற்றது.

பயணியின் நிலை வேறு. கொனெற்றிக்கற்றில் ஏறியோர் ஆளுக்கு 450 டொலர் கொடுத்து ஏறினர். வழமையான பயணிகள் விமானத்துக்குரிய தராதரம் இதற்கில்லை என்பது அவர்க்கு உணர்த்தப்படவேண்டும் என்பதே விதி. கடதாசியிற் கையொப்பம் இட்டவர் எரிபற்றும் கருவியின் நிலையை எங்ஙனம் அறிவார்? அவரது உடன்பாடு அரைகுறையானதே. 2020 மார்ச்சில் அந்நிறுவனத்தின் பயணிகளை ஏற்றும் சிறப்பனுமதி நீக்கப்பட்டது. அவ்வனுமதி உயிர்கள் போனபின்னரே போயிற்று.

2022 நவம்பர் 12ஆம் நாள் டல்லஸ் நகர்க் காட்சியில், பி-17 ஒன்றும் பி-63 சண்டை விமானமொன்றும் கூட்டத்தார் கண்முன் மோதின. இரண்டிலும் இருந்த அறுவரும் மாண்டனர். விமானங்களை உயரத்தாற் பிரித்து வைக்கும் திட்டம் முன்கூட்டியே வகுக்கப்படாமல், காட்சியை நடத்துநர் அவ்வப்போது இடும் கட்டளையையும் விமானியின் கண்ணையும் நம்பியிருந்தமையே விசாரணையிற் கண்ட காரணம்.

ஷோர்ஹாம் நிகழ்ச்சியோ எதற்கும் உடன்படாதோரைப் பற்றியது. 2015 ஓகஸ்ற் 22ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையில், 1950களின் ரகமான ஹன்ரர் ஜெற் விமானம் வானில் வட்டமிட்டுக் கவிழ்ந்தெழும் வித்தையொன்றைச் செய்தது. வேகமும் உச்சியில் எட்டவேண்டிய உயரமும் போதாமையால், விமானம் மீண்டெழ இயலாது ஏ27 நெடுஞ்சாலையில் வீழ்ந்தது. சாலையிற் சென்றோரும் ஓரத்தில் நின்றோருமாக 11 பேர் இறந்தனர். விமானி பிழைத்தார். 2019இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியல்லரென விடுவித்தது. 2022இல் மரண விசாரணை அதிகாரி அப்பதினொருவரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் எனத் தீர்ப்பளித்தார். இவ்விரு முடிவுகளுக்குமிடையே நிற்கும் உறவினர்க்கு எக்காட்சியின் பெருமையையும் எடுத்துக்கூற இயலுமா? அதன்பின் பிரித்தானியாவில் விதிகள் இறுக்கப்பட்டன. நிலத்தின்மேல் நடக்கும் காட்சிகளிற் பழைய ஜெற் விமானங்கள் வித்தைகளின்றிக் கடந்துசெல்லவே விடப்பட்டன. பார்ப்போர்க்கும் விமானத்துக்குமிடையே விடவேண்டிய தூரமும் கூட்டப்பட்டது.

6. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று: ஒரு ரகத்தில் எஞ்சியது ஒன்றேயாயின், அது மூல உடலோடு கூடிய சான்றாயின், அதனைப் பறக்கவிடுதல் தகாது. பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய பிளெனிம் போன்றவை இவ்விதிக்குப் புறம்பானவை. அவை மூல ஏடுகளல்ல, நல்ல பெயர்த்தெழுத்துகளே. பெயர்த்தெழுத்தின் பணி படிக்கப்படுவதாகும். இரண்டு: பறக்கவேண்டின், பராமரிப்போனைச் சோதிக்க வேறொருவனும், விமானியைச் சோதிக்க இன்னொருவனும், வானிற் பிரிவினைக்கு எழுதிய திட்டமும் இருத்தல் வேண்டும். மூன்று: இடரின் எல்லை, அதனை அறிந்து ஏற்றவரோடு நிற்றல் வேண்டும். கீழே தன் வழியிற் செல்பவன் நம் வரலாற்று ஆர்வத்துக்கு விலை கொடுக்கக் கடமைப்பட்டவனல்லன்.

பறத்தலை முற்றாக விலக்கவேண்டும் என்போரும் உளர். அவர் கூற்றை ஏற்பின் மரத்தச்சனின் கைப்பழக்கமும் இயந்திரத்தின் இயல்பும் சில தலைமுறைகளில் ஏட்டுக்கல்வியாய்ச் சுருங்கிவிடும். எல்லாவற்றையும் பறக்கவிடவேண்டும் என்போர் கூற்றை ஏற்பின் ஏடே எஞ்சாது.

1942இற் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து சென்று மீளாதவர்கள் கட்டளையின்படி சென்றவர்கள். தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்க்கிருக்கவில்லை. இன்று அவர்தம் பொறியொத்த பொறியை இயக்குவோர்க்கு அவ்வுரிமை உண்டு. எப்போது ஏறுவது, யாரை ஏற்றுவது, எவர் தலைக்குமேற் செல்வது, எப்போது ஏறாமல் இருப்பது என்பவற்றை அவர்கள் அமைதியாக இருந்து முடிவுசெய்யலாம். போரில் மாண்டோரை நினைவுகூர்தற்குச் சமாதானகாலத்தில் மேலும் ஓர் உயிர் வேண்டியதில்லை.